பன்னிரண்டு வோல்ட் தானே என்று இருந்துவிடாதீர்கள்!



காரை வாங்கி ஓட்டுபவர்களை நாம் அறிவோம். காரை வீட்டிலேயே செய்து ஓட்டுபவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பிரித்தானியாவில் இது நீண்ட காலமாக இருந்துவரும் ஒரு பொழுதுபோக்கு. பல்வேறு தொழில் செய்பவர்களும் வார இறுதி நாட்களில் வீட்டுக் கராஜுக்குள் புகுந்துகொண்டு, இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து, அலுமினியத் தகடு பொருத்தி, பழைய கார் ஒன்றின் எஞ்சினைக் கழற்றி மாட்டி, இருவர் மாத்திரம் அமரக்கூடிய சிறிய ஸ்போர்ட்ஸ் காரொன்றை உருவாக்கிவிடுகிறார்கள்.

இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றில் ஒரு பெண்ணின் வீட்டுக்கும் இடமுண்டு. 1948ஆம் ஆண்டில் கொலின் சப்மன் என்ற பொறியியல் மாணவர், பழைய ஒஸ்டின் செவன் காரொன்றை வைத்துத் தமது முதலாவது காரைச் செய்தார். அவர் வேலை செய்த இடம், ஹேசல் வில்லியம்ஸ் என்ற பெண்ணின் பெற்றோருடைய இலண்டன் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய கராஜ். பின்னர் அந்த ஹேசலே அவரது மனைவியானார். அங்கே தொடங்கியதுதான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற லோட்டஸ் கார்க் கம்பனி.

1957இல் அக்கம்பனி லோட்டஸ் செவன் என்ற காரை வெளியிட்டது. முழுக் காராக வாங்கினால் அரசாங்கத்துக்குக் கொள்வனவு வரி கட்ட வேண்டும். உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டில் பொருத்திக்கொண்டால் அந்த வரி இல்லை. ஆகவே பலர் பெட்டி பெட்டியாகப் பாகங்களை வாங்கிவந்து தாமே பொருத்தினார்கள். பொருத்தும் விதத்தை எழுதிக் கொடுக்கக் கூடாது என்று விதி இருந்ததனால், கழற்றும் விதத்தை எழுதிக் கொடுத்தார்கள், வாங்கியவர் அதைத் தலைகீழாக வாசித்துக்கொள்வார் என்று ஒரு கதையும் சொல்வார்கள். 1973இல் அந்தப் பழைய வரி ஒழிந்து பெறுமதி சேர் வரி வந்த பின்னரும் இந்தப் பழக்கம் ஒழியவில்லை. அதே ஆண்டில் கேட்டர்ஹம் நிறுவனம் செவன் காரின் உரிமையைப் பெற்று, இன்றும் பாகங்களாக விற்றுவருகிறது. 1996இல் ரொன் சம்பியன் என்பவர் வெறும் 250 பவுணில் ஸ்போர்ட்ஸ் கார் செய்வது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதினார். அதன் பின்னர் பணவசதி குறைந்த இளைஞர்களும் இதில் இறங்கினார்கள்.

“இதெல்லாம் நமக்கு எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அந்தக் காரின் முன்னால் இருக்கும் பெட்டரியைப் போன்ற ஒன்றுதான் உங்கள் வீட்டு வேனிலும் இருக்கிறது. முச்சக்கர வண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் இருப்பது அதன் தம்பி. தொழிற்சாலையில் செய்த காரில் பலருடைய கண்கள் பார்த்து, பலருடைய கைகள் சோதித்து மறைத்து வைத்திருக்கும் ஆபத்து, வீட்டில் செய்த காரில் அப்படியே வெளியே தெரிகிறது. ஆகவே அதைப் பார்த்துப் படிப்பது இலகு.

அதிர்ச்சி இல்லை, ஆனால் நெருப்பு உண்டு

கார் பெட்டரியின் வலு 12 வோல்ட். நமது வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். பெட்டரியின் இரு முனைகளையும் உலர்ந்த கைகளால் தொட்டாலும் ஒன்றும் தெரியாது. நமது தோலின் தடையைத் தாண்டிப் பாய 12 வோல்ட் போதாது. இதனால்தான் “பன்னிரண்டு வோல்ட் தானே!” என்ற அலட்சியம் வந்துவிடுகிறது.

ஆனால் ஆபத்து வோல்ட்டில் இல்லை, அம்பியரில் இருக்கிறது. எஞ்சினை உசுப்பிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு ஒரு கணத்தில் நூறு, இருநூறு அம்பியர் மின்னோட்டம் தேவை. அதைக் கொடுப்பதற்காகவே பெட்டரி செய்யப்பட்டிருக்கிறது. அதன் உள்ளே தடை மிகமிகக் குறைவு. இப்போது ஒரு ஸ்பேனர் தவறி விழுந்து, நேர்முனையையும் பக்கத்திலுள்ள இரும்பையும் ஒன்றாகத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் விளக்குக்கும் போகாமல், மோட்டாருக்கும் போகாமல், குறுக்கு வழியில் பாய்ந்து மறுமுனைக்குத் திரும்பிவிடுகிறது. கராஜ் பாஸ்மார் “ஷோட்” என்று சொல்வதும், பாடசாலைப் புத்தகங்களில் “குறுஞ்சுற்று” என்று எழுதுவதும் இதைத்தான்.

ஒரு சிறு கணக்குப் பாருங்கள். அந்தக் குறுக்கு வழியின் மொத்தத் தடை ஓர் ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 0.02 ஓம் என்று எடுத்துக்கொண்டால், 12ஐ 0.02ஆல் வகுக்க 600 அம்பியர் வருகிறது. 600ஐ 12ஆல் பெருக்கினால் 7200 வாட். தேநீர் கொதிக்க வைக்கும் மின் கேத்தல் ஒன்று ஏறத்தாழ 2000 வாட். மூன்று கேத்தல்களுக்கு மேற்பட்ட வெப்பம் ஒரு ஸ்பேனரிலும், ஒரு முழ வயரிலும், பெட்டரிக்குள்ளும் ஒரே நேரத்தில் எழுகிறது! வயரின் மேலுள்ள பிளாஸ்டிக் உருகுகிறது. செம்பு சிவக்கிறது. பக்கத்தில் பெற்றோல் குழாய் இருந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

இன்னொரு ஆபத்தும் உண்டு. பெட்டரிக்குள் இருப்பது ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும். சார்ஜ் ஏறும்போது, விசேடமாக அளவுக்கு மிஞ்சி ஏறும்போது, உள்ளே இருக்கும் நீர் பிரிந்து ஐதரசன் வாயு வெளியேறுகிறது. காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு கலந்துவிட்டாலே போதும், ஒரு சிறு பொறியில் வெடித்துவிடும். வெடித்தால் அமிலம் முகத்திலும் கண்ணிலும் தெறிக்கும்.

வீட்டில் செய்த காரில் ஏன் அதிகம்?

செவன் வகைக் கார் மிகவும் இலேசானது. அதன் எடை ஏறத்தாழ 500 கிலோதான். இலேசாக இருப்பதற்காகவே மெல்லிய அலுமினியத் தகட்டினால் அதைப் போர்த்தியிருக்கிறார்கள். இடமோ மிகவும் நெருக்கம். பல கார்களில் பெட்டரி, எஞ்சினுக்குப் பின்னால், பயணிகளின் கால்களுக்கு முன்னால் உள்ள தட்டில் வைக்கப்படுகிறது. அதற்கு நேர் மேலே அலுமினியப் போனட். நம் சமையலறைச் சட்டி, முட்டிகளைச் செய்யும் அதே அலுமினியம். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

சாதாரணக் கார்களைப் போலவே இங்கும் பெட்டரியின் மறைமுனை காரின் உடலோடு, அதாவது செசியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே காரின் இரும்பும் அலுமினியமும் முழுவதுமே பெட்டரியின் ஒரு முனை என்று நினைத்துக்கொள்ளுங்கள். நேர்முனையோ, அதிலிருந்து வரும் வயரோ எங்கே அந்த உலோகத்தைத் தொட்டாலும் ஷோட்தான்.

பழைய பெட்டரியை மாற்றிப் புதிதாக வாங்கும்போது, அரை அங்குலம் உயரமான ஒன்று வந்துவிடலாம். போனட்டை மூடும்போது ஒன்றும் தெரியாது. வீதியில் ஒரு குழியில் விழுந்து எழும்போது போனட் கொஞ்சம் வளைந்து நேர்முனையைத் தொடும். அதுவும் ஓடிக்கொண்டிருக்கும்போது!

இதைச் சோதிக்க நம் சமையலறையிலேயே ஒரு வழி இருக்கிறது. பெட்டரியின் வயர்கள் இரண்டையும் கழற்றிவிட்டு, பிசைந்த கோதுமை மாவில் எலுமிச்சம்பழ அளவு உருண்டை ஒன்றை ஒரு துண்டு பொலித்தீனில் சுற்றி நேர்முனையின் மேல் வைத்து, போனட்டை மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். மா எவ்வளவு தடிப்பில் நசுங்கியிருக்கிறதோ அவ்வளவுதான் இடைவெளி. அது ஒரு விரல் தடிப்புக்கும் குறைவாக இருந்தால் அந்தப் பெட்டரி அந்த இடத்துக்குப் பொருத்தமில்லை. போதிய இடைவெளி இருந்தாலும் நேர்முனைக்கு றப்பர் மூடி போட வேண்டும்; அதற்கு நேராகப் போனட்டின் உட்புறத்தில் ஒரு றப்பர் விரிப்பையும் ஒட்டிவிட வேண்டும்.

பெட்டரியைக் கட்டி வையுங்கள்

பெட்டரியை அதன் பாரம் தாங்கிக்கொள்ளும் என்று சும்மா வைத்துவிடக் கூடாது. இரும்புத் தட்டில் அமர்த்தி, பட்டை போட்டு, ஆணி முறுக்கி, கையால் பிடித்து உலுப்பினாலும் அசையாதபடி இறுக்க வேண்டும். மேலால் போகும் இரும்புப் பட்டை நேர்முனைக்குக் கிட்டவும் போகக் கூடாது. அந்தப் பட்டைக்கு றப்பர் உறை போடுவது இன்னும் நல்லது.

அசைவு வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் கெடுதி செய்கிறது. தொடர்ந்து குலுங்கும் பெட்டரியில் ஈயத் தகடுகளிலிருந்து தூள் உதிர்ந்து அடியில் படிகிறது. படிவு உயர்ந்து தகடுகளைத் தொட்டால், அல்லது தகடுகளுக்கு இடையே உள்ள தடுப்பு கிழிந்தால், பெட்டரிக்குள்ளேயே ஷோட் உண்டாகிறது. 12 வோல்ட் பெட்டரியில் 6 அறைகள் இருக்கின்றன; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 வோல்ட். ஓர் அறை செத்துவிட்டால், நன்றாக சார்ஜ் ஏற்றிய பின்னரும் 12.6 வோல்ட் காட்ட வேண்டியது பத்தரை வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிடும். சார்ஜ் ஏற்றும்போது பெட்டரி அளவுக்கு மீறிச் சுட்டாலோ, அழுகிய முட்டையின் நாற்றம் வந்தாலோ, உடனே மெயின் சுவிச்சை அணைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்து, ஆட்களை அப்பால் போகச் சொல்லுங்கள். அந்தப் பெட்டரியை மீண்டும் பாவிக்க வேண்டாம்.

வயர் போகும் வழி

பெட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் தடித்த வயரில் பொதுவாக பியூஸ் இருப்பதில்லை. அவ்வளவு பெரிய மின்னோட்டம் அதில் பாய வேண்டியிருப்பதால் சாதாரண பியூஸ் தாங்காது. பியூஸ் இல்லை என்றால் காவல் இல்லை என்று அர்த்தம். ஆகவே அந்த வயரைப் பாதுகாப்பது அது செல்லும் வழியும் அதன் மேலுறையும்தான்.

வீட்டில் செய்யும் காரில் தகட்டைத் துளையிட்டு வயரை உள்ளே விடுவார்கள். துளையிட்ட அலுமினியத்தின் விளிம்பு கத்தி போன்றது. எஞ்சின் ஓடும் ஒவ்வொரு கணமும் வயர் அதில் உராய்கிறது. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மேலுறை வெட்டுப்பட்டு, செம்பு தகட்டைத் தொடுகிறது. இதைத் தடுக்கும் றப்பர் வளையம் மிக மலிவான பொருள். அதைப் போடாமல் விட்டதனால் முழுக் காரையும் இழக்க வேண்டுமா?

வயரைத் தொங்கவிடக் கூடாது. ஓர் அடிக்குள் ஒரு தடவையாவது றப்பர் போட்ட கிளிப்பினால் உடலோடு பிடித்து வைக்க வேண்டும். புகைக் குழாய்க்கு அருகே கொண்டுபோகக் கூடாது. ஸ்டியரிங் தண்டு, மிதி கட்டைகள் போன்ற அசையும் பாகங்களில் படக் கூடாது. பெற்றோல் குழாயோடு சேர்த்து ஒரே கிளிப்பில் கட்டுவதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்கக் கூடாது. சிலர் பாரத்தைச் சமப்படுத்துவதற்காகப் பெட்டரியைக் காரின் பின்பகுதியில் வைப்பார்கள். அப்போது அந்த வயர் காரின் முழு நீளத்துக்கும் வர வேண்டியிருப்பதால் ஆபத்தும் அவ்வளவு நீளமாகிறது. அப்படிச் செய்பவர்கள் பெட்டரிக்கு அருகிலேயே ஸ்டார்ட்டரைத் தாங்கக்கூடிய பெரிய பியூஸ் ஒன்றைப் போடுவதும், வாயு வெளியே போகக் குழாய் வைத்த பெட்டியில் பெட்டரியை அடைப்பதும் நல்லது.

ஏனைய வயர்கள் எல்லாவற்றுக்கும் பியூஸ் வேண்டும். அதுவும் பெட்டரிக்குக் கிட்டிய இடத்திலேயே வேண்டும். பியூஸ் இருப்பது ரேடியோவையோ விளக்கையோ காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது வயரை. 20 அம்பியர் தாங்கும் வயருக்கு 15 அம்பியர் பியூஸ் போட்டால், வயர் சுடுவதற்கு முன் பியூஸ் எரிந்து தன்னைப் பலி கொடுத்துவிடும். பியூஸ் அடிக்கடி எரிகிறது என்று பெரிய பியூஸ் போடுவதும், சிகரட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிப் போடுவதும், காவற்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். எரிந்த பியூஸ் “எங்கோ கோளாறு இருக்கிறது” என்று சொல்கிறது. அந்தக் கோளாறைத் தேட வேண்டும்.

எதை முதலில் கழற்றுவது?

இது எல்லோரும் மனனம் செய்துகொள்ள வேண்டியது. பெட்டரியைக் கழற்றும்போது மறைமுனையை முதலில் கழற்ற வேண்டும். பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்ட வேண்டும்.

ஏன்? மறைமுனை காரின் உடலோடு இணைந்தது என்று பார்த்தோம். அதைக் கழற்றும்போது ஸ்பேனர் உடலில் பட்டாலும், இரண்டும் ஒரே பக்கம்தானே, ஒன்றும் நடக்காது. அது கழன்ற பிறகு மின்சாரம் திரும்பி வரும் வழி அறுந்துவிட்டது. இனி நேர்முனையைக் கழற்றும்போது ஸ்பேனர் உடலில் பட்டாலும் ஆபத்தில்லை. மாறாக நேர்முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனரின் ஒரு நுனி நேர்முனையிலும் மறு நுனி இரும்பிலும் படும்போது அங்கே நெருப்புப் பறக்கும். மிகப் பழைய சில பிரித்தானியக் கார்களில் இது தலைகீழாக, நேர்முனை உடலோடு இணைந்திருக்கும். ஆகவே உடலோடு இணைந்த முனை எதுவோ அதை முதலில் கழற்று என்பதே சரியான விதி.

சகோதரிகளே, நமக்கு உரிய விடயம் ஒன்று. வளையலோ, மோதிரமோ, கைக்கடிகாரமோ போட்ட கையை பெட்டரிக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். தங்கம் மிக நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். ஸ்பேனருக்கும் இரும்புக்கும் இடையில் மோதிரம் அகப்பட்டால், கண் சிமிட்டும் நேரத்தில் அது பழுக்கக் காய்ந்துவிடும். விரலைச் சுற்றிச் சூடு வைத்தது போலாகும். உங்கள் கணவரோ மகனோ போனட்டைத் திறக்கும்போது, “மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றித் தாருங்கள்” என்று கையை நீட்டி வாங்கி வையுங்கள். கருவிகளை பெட்டரியின் மேல் வைத்தால் எடுத்துக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

முதல் தடவை இணைக்கும் முன்

வயர் வேலை முடிந்து பெட்டரியை முதன்முதலாக இணைக்கும் நாள் ஆபத்தான நாள். மாதக் கணக்கில் உழைத்தவருக்கு எஞ்சின் சத்தத்தைக் கேட்கும் அவசரம். அந்த அவசரத்தை அடக்க ஒரு சிறிய பல்ப் போதும்.

காரின் பின்விளக்கில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்ப் ஒன்றை இரண்டு வயர்களோடு எடுங்கள். எல்லா சுவிச்சுகளையும் அணைத்து, நேர்முனையை மட்டும் பூட்டி, மறைமுனை வயரைக் கழற்றிய நிலையில் வையுங்கள். பல்பின் ஒரு வயரை பெட்டரியின் மறைமுனையிலும், மற்றதைக் கழற்றி வைத்த வயரிலும் தொடுங்கள். பல்ப் எரியாவிட்டால் நல்லது. பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷோட் இருக்கிறது, அல்லது ஏதோ ஒன்று இயங்கிக்கொண்டிருக்கிறது. அஞ்ச வேண்டாம், பல்ப் நடுவில் இருப்பதால் எவ்வளவு பெரிய கோளாறு இருந்தாலும் இரண்டு அம்பியருக்கு மேல் பாயாது. இனி பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியபோது பல்ப் அணைகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. எல்லாவற்றையும் கழற்றியும் எரிந்தால், பியூஸ் இல்லாத தடித்த வயரையும் ஸ்டார்ட்டர், ஒல்டர்னேட்டர் இணைப்புகளையும் தேட வேண்டும். பல்ப் அணைந்த பிறகுதான் மறைமுனையைப் பூட்ட வேண்டும்.

பிரித்தானியாவில் வீட்டில் செய்த காரை நினைத்தபடி வீதியில் இறக்க முடியாது. 1998இல் தனி வாகனப் பரிசோதனை ஒன்று அங்கே ஆரம்பிக்கப்பட்டது. 2009இல் அதற்குப் பதிலாகப் புதிய முறை வந்தது. அதில் தேறிய பின்னர்தான் இலக்கத் தகடு. ஆனால் பரிசோதகர் பார்ப்பது ஒரு நாள் மட்டும். உராய்வு வேலை செய்வதோ வருடம் முழுவதும்.

இரவில் துண்டிக்கும் சுவிச்

காரை நிறுத்திய பின்னர் பெட்டரியை முழுவதும் துண்டித்துவிடும் சுவிச் ஒன்று உண்டு. பந்தயக் கார்களில் நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் அடையாளம் போட்டிருப்பது இந்த சுவிச் இருக்கும் இடத்தைக் காட்டத்தான்; விபத்து நடந்தால் வெளியே நிற்பவரும் திருப்பி அணைக்கலாம். எஞ்சின் ஓடும்போது சாதாரண சுவிச்சைத் திருப்பினால் ஒல்டர்னேட்டர் பழுதாகலாம். பந்தயத்துக்கென்று செய்த சுவிச்சில் அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். வீட்டுக் காரில் எஞ்சினை அணைத்த பிறகு திருப்புவதற்குச் சாதாரண சுவிச்சே போதும்.

இரவில் உறங்கச் செல்லும்போது விளக்குகளை அணைத்துவிடுமாறு நமது நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்பதை அதற்குக் காரணமாகவும் சொல்லியிருக்கிறார்கள். இன்று திரி விளக்கு இல்லை. ஆனால் எலி இருக்கிறது. அது கடிப்பதற்கு வயர் இருக்கிறது. சமையலறையிலிருந்து ஒரு சுவர் தள்ளி நிற்கும் காரில் அந்த சுவிச்சைத் திருப்புவது அந்த ஸுன்னத்தான ஒழுங்கின் தொடர்ச்சி என்றே நமக்குப் படுகிறது.

நம் வீட்டுக்குள்ளே

2022 மார்ச் இறுதியில் நம் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டதை நாம் மறக்கவில்லை. அது போன்ற நாட்களில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் இன்வேட்டரோடு கார் பெட்டரியை வீட்டுக்குள் வைத்துக்கொள்வதுண்டு. இன்னும் அப்படி வைத்திருப்பவர்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். முனைகள் மூடியிருக்கின்றனவா? பெட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்கிறதா? காற்றோட்டம் இருக்கிறதா, அல்லது கட்டிலுக்கடியிலோ அலுமாரிக்குள்ளோ இருக்கிறதா? பிள்ளைகளின் கைக்கு எட்டுமா? மேலே திறப்புக் கோர்வையோ கத்தரிக்கோலோ வைக்கும் பழக்கம் இருக்கிறதா?

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், மறைமுனையை முதலிலும் பின்னர் மற்றதையும் கழற்றி, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, அப்பச்சோடா கரைத்த நீரைத் தூரிகையால் பூசித் துடையுங்கள். மூடிகள் இறுக மூடியிருக்க வேண்டும். சோடா நீர் உள்ளே போனால் பெட்டரி கெட்டுவிடும். காய்ந்த பின் வயர்களைப் பூட்டி, முனைகளில் கொஞ்சம் வசிலின் பூசுங்கள். பெட்டரியின் மேல் படியும் அமில ஈரமும் தூசியும்கூட மெதுவான ஒரு மின்னொழுக்குக்குப் பாதை போட்டுவிடும். சார்ஜரைக் கழற்றும்போது முதலில் சுவரிலுள்ள சுவிச்சை அணைத்துவிட்டே கிளிப்பைத் தொட வேண்டும். இல்லையேல் அந்தப் பொறியே ஐதரசனுக்குத் தீக்குச்சியாகிவிடும்.

விபத்து நடந்துவிட்டால் என்ன செய்வது? அமிலம் கண்ணில் பட்டால் ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சுட்ட கையையும் 20 நிமிடம் ஓடும் நீரில் பிடியுங்கள். வீங்குவதற்கு முன் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். பற்பசை, எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். போனட்டுக்குள்ளிருந்து புகை வந்தால் எஞ்சினை அணைத்து, பிள்ளைகளை இறக்கித் தூரக் கொண்டுபோங்கள். போனட்டை அகலத் திறந்தால் காற்றுப் பட்டு நெருப்பு எழும். தண்ணீர் ஊற்றக் கூடாது. காரில் செய்த காலமும் கொட்டிய பணமும் எவ்வளவாக இருந்தாலும், அதைக் காப்பாற்ற யாரும் நெருப்புக்குள் கையை விடக் கூடாது.

இக்காலத்தில் பாரம் குறைய வேண்டும் என்று ஈய பெட்டரிக்குப் பதிலாக லிதியம் பெட்டரி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதிலும் ஷோட் ஆனால் பாயும் மின்னோட்டம் குறைவில்லை. அதற்குரிய சார்ஜரையே பாவிக்க வேண்டும். உப்பிய ஒன்றைத் தொடவே கூடாது. நூற்றுக்கணக்கான வோல்ட்டில் ஓடும் மின்சாரக் கார்களின் பெட்டரியோ முற்றிலும் வேறு விடயம். அதில் அதிர்ச்சியும் உயிரைப் பறிக்கும். பயிற்சி பெற்றவரைத் தவிர வேறு யாரும் அதைத் திறக்கக் கூடாது.

இரண்டாவது கண்

தன் கையால் ஒன்றைச் செய்தவருக்கு அதிலுள்ள குறை இலகுவில் தெரியாது. இது ஆண், பெண் எல்லோருக்கும் பொதுவானது. நாம் சமைத்த கறியில் உப்புக் குறைவு என்று வேறொருவர்தானே சொல்ல வேண்டியிருக்கிறது! எனவே வீட்டில் ஒருவர் கார் செய்தாலும், பழைய வேனைத் திருத்தினாலும், இன்வேட்டர் பொருத்தினாலும், இரண்டாவது கண்ணாக நீங்கள் இருங்கள். ஸ்பேனர் பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை. கேட்கத் தெரிந்தால் போதும்.

பெட்டரி அசைகிறதா? நேர்முனைக்கு மூடி இருக்கிறதா? போனட்டுக்கும் அதற்கும் இடைவெளி எவ்வளவு? வயர் துளை வழியே போகுமிடத்தில் றப்பர் வளையம் எங்கே? பியூஸ் எங்கே, எத்தனை அம்பியர்? பெற்றோல் குழாய் எந்தப் பக்கம்? இந்த ஆறு கேள்விகளுக்கும் அவர் காட்டிக் காட்டிப் பதில் சொல்லட்டும். “உனக்கு இதெல்லாம் விளங்காது” என்று பதில் வந்தால், அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் அல்லாஹ் நமது கையில் தந்த அமானிதம். அந்த அமானிதத்துக்காகக் கேட்கும் கேள்வியில் வெட்கப்பட எதுவுமில்லை.

இன்று அஸருக்குப் பிறகு நேரம் கிடைத்தால், உங்கள் வீட்டு வாகனத்தின் போனட்டைத் திறக்கச் சொல்லி, முதலாவது கேள்வியிலிருந்து தொடங்குங்கள். அல்லாஹ் நம் எல்லோருடைய வீடுகளையும் நெருப்பின் தீங்கிலிருந்து காப்பானாக. ஆமீன்.